முடியாத கேமுக்கு முன்பணம்: எந்த வழியில் எவ்வளவு ஆபத்து?

கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் 2013 மார்ச்சில் ‘எர்லி ஆக்சஸ்’ என்ற பிரிவைத் தொடங்கியது. தயாரிப்பில் இருக்கும் கேமை அந்த நிலையிலேயே விலை கொடுத்து வாங்கி விளையாடலாம், மிச்சம் அப்டேட்டுகளாக வந்து சேரும் என்பது ஏற்பாடு. அங்கே முதலில் இடம்பிடித்த கேம்களில் ஒன்று ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’. ராக்கெட்டைத் துண்டு துண்டாகப் பூட்டி விண்ணுக்கு அனுப்ப வேண்டும். முதல் சில ராக்கெட்டுகள் தரையிலேயே வெடித்துவிடும். அதைச் செய்த ஸ்குவாட், மெக்சிகோ சிட்டியில் இருந்த ஒரு மார்க்கெட்டிங் நிறுவனம். கேம் துறையில் அதற்குப் பெயரே கிடையாது. ஆனாலும் 2015 ஏப்ரலில் முழுப் பதிப்பை வெளியிட்டது. முன்கூட்டியே வாங்கியவர்களுக்குக் கூடுதல் செலவில்லாமல் அது வந்து சேர்ந்தது.

இரண்டாம் பாகம் 2023 பிப்ரவரி 24 அன்று அதே எர்லி ஆக்சஸில் வந்தது. இம்முறை பின்னால் நின்றது டேக்-டூ என்ற மிகப் பெரிய நிறுவனம். விலை 49.99 டாலர். வரப்போகும் அம்சங்களின் பட்டியலும் கூடவே வந்தது: அறிவியல் ஆய்வு, வேற்றுக் கோள்களில் குடியேற்றம், வேறு நட்சத்திரங்களுக்குப் பயணம், பலர் சேர்ந்து ஆடும் வசதி. ஆனால் வாங்கியவர் கையில் கிடைத்த கேமில், விண்கலம் வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது உண்டாகும் வெப்பம்கூட இல்லை. முதல் பாகத்தில் இருந்த அம்சம் அது. விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டுகளிலேயே படம் திணறியது. பட்டியலில் முதலாவதான அறிவியல் ஆய்வு 2023 டிசம்பரில் வந்தது. அதன் பிறகு பெரிதாக எதுவும் வரவில்லை. 2024-இல் கேமைச் செய்த ஸ்டுடியோவின் ஊழியர்களை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் கேம் ஸ்டீமில் விற்பனையில்தான் இருந்தது.

ஒரே பெயர், ஒரே வகைக் கேம், ஒரே விற்பனை முறை. பெயர் தெரியாத நிறுவனம் சொன்னதைச் செய்தது. பணமும் பேரும் உள்ள நிறுவனம் பாதியில் விட்டது. அதனால் ‘நல்ல கம்பெனி, நம்பி வாங்கலாம்’ என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. பணம் கட்டும் நாளில் கையில் என்ன கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் எந்த வழியையும் எடைபோட வேண்டும்.

முடியாத கேமுக்குப் பணம் கொடுக்க இன்று மூன்று வழிகள் இருக்கின்றன: முன்பதிவு, கூட்டு நிதி, எர்லி ஆக்சஸ். காத்திருப்பது நான்காவது. இவற்றின் ஆபத்து ஒரே அளவு அல்ல.

முதலில் முன்பதிவு. கேம்கள் டிஸ்க்காகக் கடையில் விற்ற காலத்தில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. முதல் நாள் கடைக்குப் போனால் சரக்கு தீர்ந்திருக்கலாம். டவுன்லோடு செய்யும் கேம் எப்படித் தீர்ந்துபோகும்? ஆனாலும் பழக்கம் போகவில்லை. முன்பதிவு செய்தால் ஒரு தனி உடை, ஒரு பளபளப்பான வாள், இரண்டு மூன்று நாள் முன்னதாக ஆடும் உரிமை என்று ஏதாவது ஒன்றைக் காட்டி இழுக்கிறார்கள்.

இதில் எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டிய நிகழ்வு ‘சைபர்பங்க் 2077’. போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம் 2012-இல் அறிவித்த கேம் அது. 2020 ஏப்ரலில் வர வேண்டியது செப்டம்பருக்கும், பின்னர் நவம்பருக்கும், கடைசியில் டிசம்பர் 10-க்கும் தள்ளிப்போனது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கம்ப்யூட்டர் பதிப்பு மட்டுமே. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற கன்சோல்களுக்கான பதிப்புகள் எப்படி ஓடுகின்றன என்று வெளியில் யாருக்கும் தெரியாது. அந்த நிலையில் 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள்.

வெளியான அன்று பழைய கன்சோல்களில் அதை ஓட்டியவர்கள் பார்த்தது வேறு கேம். படம் விட்டு விட்டு நகர்ந்தது. கட்டடங்களும் மனிதர்களும் மங்கலாகத் தோன்றிப் பல நொடிகள் கழித்துத் தெளிவடைந்தன. அடிக்கடி கேம் தானாக மூடிக்கொண்டது. நிறுவனம் நான்கே நாளில் மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று அறிவித்தது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் சோனி தன் ஸ்டோரிலிருந்தே கேமை எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் அது திரும்பி வந்தது. பிற்பாடு கடுமையாக உழைத்துச் சரிசெய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்தபின் அது உண்மையிலேயே சிறந்த கேம். ஆனால் அந்தச் சிறந்த கேமைக் குறைந்த விலைக்கு வாங்கியவர் மூன்று வருடம் பொறுத்தவர். முழு விலை கொடுத்து முதல் நாளே வாங்கியவருக்குக் கிடைத்தது மங்கலான கட்டடங்கள்.

முன்பதிவின் கோளாறு இங்கேதான் இருக்கிறது. நீங்கள் பார்க்கவில்லை, உங்களுக்காகப் பார்த்துச் சொல்ல வேண்டியவரும் பார்க்கவில்லை, பணம் மட்டும் போய்விடுகிறது. ‘ஸ்டார்ஃபீல்டு’ கேமுக்கு 69.99 டாலர் கொடுத்தவர் 2023 செப்டம்பர் 6 அன்று ஆடலாம், 99.99 டாலர் கொடுத்தவர் செப்டம்பர் 1 அன்றே ஆடலாம் என்று விற்றார்கள். அந்த அதிகப் பணத்தில் பின்னர் வரவிருந்த ஒரு கூடுதல் பாகமும் அடக்கம். அது ஒரு வருடம் கழித்து வந்தது. அதாவது முடியாத ஒன்றை வாங்கும்போதே, வெளிவராத இன்னொன்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டியாகிவிட்டது.

ஒரே ஒரு ஆறுதல், ஸ்டீமில் முன்பதிவை வெளியீட்டு நாள் வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆகையால் அங்கே பணம் முழுதாகச் சிக்கிக்கொள்வதில்லை. ரத்து செய்யும் உறுதி நமக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

கூட்டு நிதி இதைவிடத் தொலைவான பயணம். பலரிடமிருந்து நிதி திரட்டித் தரும் கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளங்கள் கடைகள் அல்ல. அவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். அங்கே கொடுக்கும் பணம் ஒரு முயற்சிக்குத் தரும் ஆதரவு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்ற சிறு குழு 2014-இல் 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டது, 57,000-க்கு மேல் கிடைத்தது. 2017-இல் ‘ஹாலோ நைட்’ வந்தது. அன்று தருவதாகச் சொன்ன ஒரு கூடுதல் பாத்திரத்தின் கதை வளர்ந்து வளர்ந்து ‘சில்க்சாங்’ என்ற தனி கேமாகி 2025 செப்டம்பரில் வெளியானபோது, முதல் கேமுக்கு நிதி கொடுத்தவர்களுக்கு அதுவும் இலவசம். கூட்டு நிதியில் இதைவிடச் சிறந்த பலனை நான் பார்த்ததில்லை.

மறுகோடியில் ‘ஸ்டார் சிட்டிசன்’ நிற்கிறது. 2012 அக்டோபரில் நிதி கேட்டபோது 2014 நவம்பரில் தருவதாகச் சொன்னார்கள். திரட்டிய பணம் 70 கோடி டாலரைத் தாண்டிவிட்டது, ஆனால் கேம் இன்னும் ஆல்ஃபா என்ற ஆரம்பச் சோதனை நிலையில்தான் இருக்கிறது. அதில் மகிழ்ச்சியாக விளையாடுகிறவர்கள் ஏராளம். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ‘2014-இல் ஒரு கேம் கிடைக்கும்’ என்று நம்பிப் பணம் கட்டியவருக்கு அந்த மகிழ்ச்சி பதிலாகாது. கூட்டு நிதிக்குக் கொடுக்கும் பணம் திரும்பாவிட்டாலும் வருத்தப்படாத தொகையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் இந்த வழிக்கு என்னால் சொல்ல முடிந்த விதி.

எர்லி ஆக்சஸைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். முடியாத கேமை வாங்கும் மூன்று வழிகளில், பொருளைக் கையில் கொடுத்துவிட்டுப் பணம் வாங்குவது இது ஒன்றுதான். பெயரைப் பார்த்தால் ஆபத்தானது போலத் தெரியும். எனக்கோ முன்பதிவைவிட இது நேர்மையான வியாபாரமாகப் படுகிறது. ‘இது முடியவில்லை, மேற்கொண்டு மாறலாம் அல்லது மாறாமலும் போகலாம், இப்போதிருக்கும் நிலை பிடிக்காவிட்டால் காத்திருங்கள்’ என்று ஸ்டீம் ஒவ்வொரு எர்லி ஆக்சஸ் பக்கத்திலும் எழுதி வைத்திருக்கிறது. முன்பதிவுப் பக்கத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது.

இதனால் வாங்கியவர்களுக்கு லாபமும் கிடைத்திருக்கிறது. ‘ஹேடீஸ்’ எர்லி ஆக்சஸில் 19.99 டாலர், 2020 செப்டம்பரில் முழுமையானபோது 24.99. செக் நாட்டின் ‘ஃபாக்டோரியோ’ 2016 பிப்ரவரியில் ஸ்டீமுக்கு வந்தபோது 20 டாலர். பிறகு 30 ஆகி, 2023 ஜனவரியில் 35 ஆனது. தள்ளுபடியே தருவதில்லை என்பது அந்த நிறுவனத்தின் கொள்கை. ஆகவே ‘பொறுத்தால் விலை குறையும்’ என்ற பொது விதி அங்கே பலிக்காது. முந்தியவருக்குத்தான் மலிவு.

சரி, இதன் ஆபத்துகள் எவை? முதலாவது, கைவிடப்படுவது. அதற்கு கெர்பல் இரண்டாம் பாகமே போதும். இரண்டாவது அதைவிட நுட்பமானது: முடிக்காமலே ‘முடிந்தது’ என்று முத்திரை குத்துவது. டபுள் ஃபைன் என்ற பேர்பெற்ற ஸ்டுடியோ 2013 அக்டோபரில் ‘ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9’ என்ற கேமை எர்லி ஆக்சஸில் கொண்டுவந்தது. பல வருடம் வளர்ப்பதாகத் திட்டம். விற்பனையில் வரும் பணத்தைக் கொண்டே வேலையை நடத்துவதாகக் கணக்குப் போட்டிருந்தார்கள், அந்தப் பணம் போதவில்லை. ஒரே வருடத்தில், 2014 அக்டோபரில், அதற்கு முழுப் பதிப்பைக் குறிக்கும் 1.0 என்று எண் போட்டு வேலையை முடித்துக்கொண்டார்கள். தருவதாகச் சொன்ன பல அம்சங்கள் வரவே இல்லை. விற்பனை மிகக் குறைவாக இருந்தாலும் முடிக்க வழியிருந்தால் மட்டுமே எர்லி ஆக்சஸுக்கு வாருங்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு ஸ்டீம் சொல்லும் அறிவுரை இந்த ஓட்டையைத்தான் குறிவைக்கிறது. ஆனால் அது அறிவுரைதான், யாரும் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பதில்லை.

மூன்றாவது, மொத்தமாக ஏமாற்றம். ‘தி டே பிஃபோர்’ ஸ்டீமில் அதிகம் பேர் விருப்பப் பட்டியலில் வைத்திருந்த கேம்களில் ஒன்று. விளம்பர வீடியோக்களில் பரந்த உலகம், ஜாம்பிகள், ஏராளமானவர்கள் ஒன்றாக ஆடும் களம். 2023 டிசம்பர் 7 அன்று 39.99 டாலருக்கு வந்தது. வாங்கியவர்கள் கண்டது ஒரு சின்ன நகரமும், அதில் அரிதாகத் தென்படும் ஜாம்பிகளும், இணைய முடியாத சர்வர்களும். டிசம்பர் 11 அன்று, நான்கே நாளில், ஸ்டுடியோவை மூடுவதாக அறிவித்தார்கள். 2024 ஜனவரியில் சர்வர்களும் நின்றன. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. ஆனால் எர்லி ஆக்சஸில் எல்லோருக்கும் பணம் திரும்புவது விதிவிலக்கு. வழக்கமாக உங்களைக் காப்பது ஸ்டீமின் பொது விதி மட்டுமே: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். அந்த 2 மணி நேரம் முடியாத கேமை ஆடும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். பிற்பாடு வரும் முழுப் பதிப்பு மோசமாக இருந்தால் அப்போது கேட்க முடியாது.

இரண்டு மணி நேரம் என்பது கேட்கும்போது நிறைய, உட்கார்ந்தால் கொஞ்சம். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ முதல் பாகம் 2023 மார்ச்சில் கம்ப்யூட்டருக்கு வந்தபோது, முதல் தடவை திறந்ததும் கிராபிக்ஸ் கார்டுக்கான ஷேடர்களை, அதாவது காட்சிகளை வரையும் சிறு நிரல்களை, தயார் செய்வதற்கே நெடுநேரம் எடுத்துக்கொண்டது. முகப்புத் திரையை வெறித்துக்கொண்டிருந்த அந்த நேரமும் ஸ்டீம் கணக்கில் விளையாடிய நேரம்தான். தவிர, எந்தத் தயாரிப்பாளரும் அதிகம் மெருகேற்றுவது தொடக்கத்தைத்தான். ஓட்டைகள் ஐந்தாம் மணி நேரத்திலும் பத்தாம் மணி நேரத்திலும் கிடக்கும்.

நான்காவது ஆபத்தைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, எனக்கோ அதுதான் முக்கியம். கேம் நன்றாகவே வந்து சேர்ந்தாலும், முன்கூட்டி ஆடியவர் ஒன்றை இழக்கலாம். பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் ‘பால்டர்ஸ் கேட் 3’ கேமை 2020 அக்டோபரில் எர்லி ஆக்சஸில் விட்டது. முழு விலையான 59.99 டாலர் வாங்கிக்கொண்டு முதல் அத்தியாயத்தை மட்டும் தந்தது. பெரிய அப்டேட் வந்தால் பழைய சேமிப்புகள் பயன்படாமல் போகும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். முழுப் பதிப்பு 2023 ஆகஸ்ட் 3 அன்று வந்தபோதும் அப்படித்தான். சேமித்ததைக் கொண்டுவர முடியாது, பழைய பதிப்பை அழித்துவிட்டுப் புதியதை நிறுவச் சொன்னார்கள். அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதை வென்ற படைப்பு அது. வாக்குத் தவறாமைக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. ஆனால் கடற்கரையில் விழுந்து கிடக்கும் கப்பலையும், காட்டுக்குள் ஒளிந்திருக்கும் தோப்பையும், பூதப்படை முகாமையும் மூன்று வருடமாகத் திரும்பத் திரும்பப் பார்த்தவருக்கு, முழுக் கதையின் முதல் பல மணி நேரம் தெரிந்த தெருவாகிவிடுகிறது. கதையை முதல் தடவை கேட்கும் சுகம் ஒருமுறைதான். அதற்கு ரீஃபண்ட் இல்லை.

ஆகையால் கேமின் வகையைப் பார்த்து முடிவெடுங்கள் என்பேன். கட்டுவது, பிழைப்பது, தொழிற்சாலை அமைப்பது, தோற்றுத் தோற்றுத் திரும்ப ஆடுவது போன்ற கேம்களில் ஒவ்வொரு அப்டேட்டும் புதிய பொம்மை. ‘வால்ஹைம்’ 2021 பிப்ரவரியில் வந்தபோது முடியாத நிலையிலேயே நண்பர்களோடு பல வாரம் ஓட்டலாம். ‘ஹேடீஸ்’ அடிப்படையிலேயே திரும்பத் திரும்ப ஆடும் கேம், முடியாதபோதும் முழுச் சுவை உண்டு. கதைதான் உயிர் என்ற கேம்களை முடியாமல் தொடாதீர்கள், அதைச் செய்பவர்கள் எவ்வளவு நம்பத் தகுந்தவர்களாக இருந்தாலும்.

காத்திருப்பதிலும் இழப்பு உண்டு. நண்பர்கள் கூட்டம் ஒரு கேமில் குடியிருக்கும் மாதத்தில் சேராவிட்டால், அடுத்த வருடம் நீங்கள் வாங்கும்போது அவர்கள் வேறு கேமுக்குப் போயிருப்பார்கள். சர்வரை நம்பி ஓடும் கேம் நீங்கள் வருவதற்குள் காலியாகிவிடலாம். தனியாக ஆடும் கேமுக்கு இந்தப் பயம் ஒன்றும் இல்லை. அங்கே பொறுமைக்கு லாபம்தான். சந்தாவும் ஒரு நடுவழி. ‘பால்வோர்ல்டு’ 2024 ஜனவரியில் முடியாத நிலையிலேயே மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தாவிலும் வந்தது. ஒரு மாதச் சந்தாவில் ஆடிப் பார்த்துவிட்டு, பிடித்தால் வாங்கலாம்.

எர்லி ஆக்சஸ் கேமை வாங்குவதென்று முடிவு செய்தால், டிரெய்லரை விட்டுவிட்டு அதே பக்கத்தின் கீழே போங்கள். தயாரிப்பாளரிடம் ஸ்டீம் கேட்கும் சில கேள்விகளுக்கு அங்கே பதில் இருக்கும்: எவ்வளவு காலம் இந்த நிலை நீடிக்கும், இப்போது என்னென்ன இருக்கின்றன, விலை ஏறுமா. ‘இப்போது என்னென்ன இருக்கின்றன’ என்பதற்கான பதில் மட்டும்தான் நீங்கள் வாங்கும் பொருள். மற்றவை ஆசைகள். அந்தப் பதில் இரண்டு வரியில் மழுப்பலாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். பிறகு அப்டேட் வரலாற்றைத் திறந்து தேதிகளைப் பாருங்கள். மாதம் ஒரு சின்னத் திருத்தம் வந்துகொண்டிருக்கும் கேம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீண்ட அறிக்கை மட்டும் வரும் கேமைவிட நம்பத் தகுந்தது. 12 மாதத்துக்கு மேல் அப்டேட் இல்லாத எர்லி ஆக்சஸ் கேம்களின் பக்கத்தில் 2025 முதல் ஸ்டீமே எச்சரிக்கை போடுகிறது. ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. கடைசியாக, மொத்த விமர்சனங்களை விடுத்து அண்மை விமர்சனங்களைப் படியுங்கள். மொத்தம் நன்றாகவும் அண்மை மோசமாகவும் இருந்தால், தொடக்க உற்சாகத்தில் வாங்கியவர்கள் இப்போது ஏமாந்துபோயிருக்கிறார்கள் என்று பொருள்.

மாதத்துக்கு ஒரு கேம் வாங்குவதே பெரிது என்ற நிலையில் இருக்கும் மாணவருக்கு நான் காத்திருப்பதைத்தான் சொல்வேன். கன்சோலில் ஒரு பெரிய புதுக் கேம் இந்தியாவில் ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய். அந்தப் பணத்தில் முழுமையடைந்து, திருத்தம் கண்டு, தள்ளுபடிக்கு வந்த மூன்று நல்ல கேம்கள் கிடைத்துவிடும். டேட்டா அளவு பார்த்து டவுன்லோடு செய்யும் வீடாக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. 2021 மார்ச்சில் வந்த சைபர்பங்க் திருத்தம் ஒன்றே 30 ஜிபிக்கு மேல். முடியாத கேமை வாங்கினால் அத்தகைய மூட்டைகள் அடிக்கடி வரலாம். ஒரு கேம் உருவாவதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் ஆர்வமும், குறை கண்டால் தயாரிப்பாளருக்கு எழுதிச் சொல்லும் பொறுமையும் உள்ளவருக்கு எர்லி ஆக்சஸ் கொடுத்த காசுக்கு மேல் தரும். முன்பதிவை யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை.

ஏற்கெனவே முன்பதிவு செய்துவிட்டிருந்தால் இன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஸ்டீமில் என்றால் வெளியீட்டு நாளைக் காலண்டரில் குறித்துவைத்து, அதற்கு முந்தைய நாள் விமர்சனங்கள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அதுவே ரத்து செய்யப் போதுமான காரணம். பிளேஸ்டேஷனில் என்றால், கேம் டவுன்லோடு ஆகத் தொடங்கிவிட்டாலே பொதுவாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை போய்விடுகிறது. முன்பதிவு செய்த கேம் வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்பாகவே தானாக இறங்கத் தொடங்கலாம். கன்சோல் செட்டிங்கில் தானியங்கி டவுன்லோடை இப்போதே அணைத்துவிடுங்கள்.